நீண்ட இரவிலிருந்து வளரும் பகலுக்கு: குளிர்காலக் கதிர்த்திருப்ப நாளைக் கொண்டாட முழுமையான வழிகாட்டி

ஒளி திரும்பிவிட்டது என்று சொல்லி உலகின் பல மூலைகளில் விளக்கேற்றும் அந்த நாளில், திரும்பிய ஒளியைக் கண்ணால் காண முடியாது. ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் குளிர்காலக் கதிர்த்திருப்பத்துக்கு மறுநாள் லண்டனில் பகல் சில நொடிகள் மட்டுமே நீள்கிறது. பத்து நாள் கழித்தும் ஐந்தாறு நிமிடங்கள்தான் கூடியிருக்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்பவர்களுக்கு அதுகூடத் தெரியாது. ஆனாலும் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்தில் வாழ்ந்த உழவர்கள் இந்தத் திருப்பத்தை அறிந்திருந்தார்கள். அந்த நாட்களின் விடியற்கதிர் மட்டும் உள்ளே நுழையும்படி கல்லால் ஒரு குகைவழியே கட்டிவைத்தார்கள்.

அவர்கள் பொறுமையாகப் பார்த்துப் பார்த்து அதைக் கண்டறிந்தார்கள். இந்த விழாவின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான நம்பிக்கை. மெழுகுவர்த்தியும் விருந்தும் அழகானவை. ஆனால் சூரியனைப் பார்த்துக் குறித்துவைத்த ஒருவர் ஏற்றும் விளக்குக்குத் தனிப் பொருள் உண்டு. எனவே இந்த வழிகாட்டி, விழாவுக்கு மூன்று வாரம் முன்பு ஒரு கோலை நடுவதில் தொடங்கி, விழா முடிந்து பல வாரங்கள் வரை செல்கிறது.

முதல் படி: எந்த நாள், எந்த இரவு என்று உறுதிசெய்தல்

பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. டிசம்பரில் வட துருவம் சூரியனை விட்டு மிக அதிகமாகச் சாய்ந்திருக்கும் கணத்தில், சூரியன் மகர ரேகைக்கு நேர் மேலே நிற்கிறது. அதுதான் வட அரைக்கோளத்தின் குளிர்காலக் கதிர்த்திருப்பம். அது ஒரு நாள் முழுவதும் நிகழ்வதில்லை. உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே கணம். உங்கள் கடிகாரம் அதற்கு எந்தத் தேதியைக் காட்டுகிறது என்பது நீங்கள் இருக்கும் நேர மண்டலத்தைப் பொறுத்தது.

2026-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். உலகப் பொது நேரப்படி டிசம்பர் 21 இரவு 8:50-க்கு அந்தக் கணம் வருகிறது. நியூயார்க்கில் அப்போது 21-ஆம் தேதி பிற்பகல் 3:50. இந்தியாவில் 22-ஆம் தேதி அதிகாலை 2:20. டோக்கியோவில் 22-ஆம் தேதி காலை 5:50. தேதி மாறினாலும் இந்த இடங்கள் எல்லாவற்றிலும் கொண்டாட வேண்டிய இரவு ஒன்றுதான்: 21 மாலையில் தொடங்கி 22 காலையில் முடியும் இரவு. தேதியைப் பற்றிக் குழம்பாமல், அந்தக் கணத்துக்கு மிக அருகில் உள்ள இரவைத் தேர்ந்தெடுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கணம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகும். லீப் ஆண்டு அதை மீண்டும் முன்னுக்கு இழுத்துவிடும். அதனால்தான் ஒரு சமயம் 21, ஒரு சமயம் 22 என்று வருகிறது. தெற்கு அரைக்கோளத்தில் வாழ்பவர்கள் இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாத் தேதிகளையும் ஆறு மாதம் நகர்த்திக்கொள்ள வேண்டும். அவர்களுடைய நீண்ட இரவு ஜூன் 20 அல்லது 21-ஐ ஒட்டி வரும்.

உத்தராயணம் ஜனவரி நடுவில்தானே பிறக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21, 22-இல்தான். மகர சங்கராந்தி, விண்மீன்களின் பின்னணியில் சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நாள். சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் இவ்விரண்டும் ஒரே சமயத்தில் நிகழ்ந்தன. பூமியின் அச்சு பம்பரம் தலையாட்டுவதுபோல் மெல்லச் சுழல்வதால், 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை என்ற கணக்கில் இரண்டும் விலகிக்கொண்டே வந்திருக்கின்றன. இன்று இடைவெளி மூன்று வாரத்துக்கும் மேல். இரண்டையும் கொண்டாடுவதில் முரண்பாடு ஏதுமில்லை. ஒன்று சூரியன் திரும்பும் கணம், மற்றொன்று மரபு காத்துவந்த விண்மீன் கணக்கு.

இரண்டாம் படி: மூன்று வாரம் முன்பே பார்க்கத் தொடங்குதல்

பெரும்பாலான வழிகாட்டிகள் விட்டுவிடும் பகுதி இது. எனக்கு மிகப் பிடித்ததும் இதுவே. இரண்டு வகையில் பார்க்கலாம்: அடிவானத்தைப் பார்ப்பது, நிழலை அளப்பது.

அடிவானத்தைப் பார்க்க, கிழக்கோ மேற்கோ திறந்திருக்கும் ஓரிடம் போதும். மொட்டைமாடி, குன்று, கடற்கரை, ஜன்னல் எதுவாகவும் இருக்கலாம். முக்கியமானது ஒன்றுதான்: ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே புள்ளியில் நிற்க வேண்டும். எதிரே தெரியும் மரம், கோபுரம், மலைமுகடு ஆகியவற்றைத் தாளில் வரைந்துகொண்டு, நவம்பர் இறுதியிலிருந்து வாரம் இருமுறை சூரியன் உதிக்கும் அல்லது மறையும் இடத்தை அந்தப் படத்தில் குறித்து வாருங்கள். முதலில் சூரியன் தெற்கு நோக்கி நகர்வது தெளிவாகத் தெரியும். பிறகு வேகம் குறையும். டிசம்பர் நடுவில் அது நின்றுவிட்டதுபோல் தோன்றும். அமெரிக்கப் பழங்குடிகளான ஹோப்பி, சூனி மக்களிடையே இதற்கென்றே பொறுப்பேற்ற சூரியக் காவலர்கள் இருந்தார்கள். அடிவானத்தில் உள்ள மேடு பள்ளங்களே அவர்களுடைய நாட்காட்டி.

நிழலை அளப்பதற்குக் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். ஆனால் அது தரும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. ஒரு மீட்டர் உயரமுள்ள நேரான கோலை, சமதளமான தரையில் செங்குத்தாக நிறுத்துங்கள். நூலில் கட்டிய ஒரு எடையைத் தொங்கவிட்டுச் சாய்வைச் சரிபார்க்கலாம். உச்சிப்பொழுதில் விழும் நிழலின் நீளத்தைத்தான் அளக்க வேண்டும். கடிகாரத்தின் பன்னிரண்டு மணி உச்சிப்பொழுதாக இருக்க வேண்டியதில்லை. அன்றைய சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் சரியான நடுநேரமே உச்சி. அதற்குப் பத்து நிமிடம் முன்பிருந்து பத்து நிமிடம் பின்பு வரை நிழல் முனையைச் சில முறை குறித்து, அவற்றில் கோலுக்கு மிக அருகில் உள்ள புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு தொல்லை வரும். நிழலின் முனை மங்கலாக இருக்கும். சூரியன் புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதால், நிழல் சட்டென்று முடியாமல் கரைந்து முடிகிறது. 13-ஆம் நூற்றாண்டில் சீன வானியலாளர் குவோ ஷோஜிங் இதற்கு ஒரு வழி கண்டார். தெங்ஃபெங் நகருக்கு அருகே அவர் எழுப்பிய பிரம்மாண்டமான நிழற்கோலில், சிறு துளையிட்ட தகடு ஒன்றைப் பயன்படுத்தி நிழலின் இடத்தைக் கூர்மையாகக் குறித்தார். அவருடைய நாட்காட்டி ஓர் ஆண்டுக்கு 365.2425 நாட்கள் என்று கொண்டது. இன்று நாம் பயன்படுத்தும் கிரெகோரியன் நாட்காட்டியின் சராசரி ஆண்டும் அதேதான். துளையின் உதவியை நீங்களும் எளிய வடிவில் பெறலாம். கோலின் உச்சியில் ஒரு தடித்த அட்டையைப் பொருத்தி, அதில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத் துளை ஒன்று போடுங்கள். அட்டையின் நிழலுக்கு நடுவே ஓர் ஒளிப்பொட்டு விழும். அது உண்மையில் சூரியனின் உருவம். அந்தப் பொட்டின் மையத்தைக் குறித்தால் போதும். அளவு மில்லிமீட்டர் கணக்கில் கிடைக்கும். துளையின் வழியே சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று குழந்தைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

40 பாகை வடக்கு அட்சரேகையில் கதிர்த்திருப்ப நாளின் உச்சி நிழல் ஒரு மீட்டர் கோலுக்கு இரண்டு மீட்டர் இருக்கும். 13 பாகையில் முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. லண்டன் அட்சரேகையில் மூன்றரை மீட்டரையும் தாண்டிவிடும். எங்கிருந்தாலும் வடக்கே விழும் உச்சி நிழல் ஆண்டிலேயே மிக நீளமாக இருப்பது அந்த நாளில்தான்.

ஆனால் எந்த நாள் மிக நீளம் என்று நேரடியாகக் கண்டுபிடிக்கப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். கதிர்த்திருப்பத்துக்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் சூரியனின் உச்சி உயரம் மாறும் அளவு, சூரிய வட்டத்தின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. மாற்றம் அவ்வளவு சிறியது. இந்தச் சிக்கலுக்கு 5-ஆம் நூற்றாண்டிலேயே சூ சோங்ஜீ என்ற சீனக் கணித மேதை ஓர் அருமையான தீர்வு கண்டார். திருப்ப நாளை அளக்காமல், நிழல் வேகமாக மாறும் நாட்களை அளப்பது. மூன்று வாரத்துக்கும் சற்று முன்பு ஒரு நாள் நிழலை அளந்து எழுதிவையுங்கள். திருப்பத்துக்குப் பின் நிழல் குறையத் தொடங்கி மீண்டும் அதே நீளத்துக்கு எப்போது வருகிறது என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளியே கதிர்த்திருப்பம். இந்தக் கணக்கைக் கடைசிப் படியில் செய்வோம். இப்போது செய்ய வேண்டியது, நவம்பர் 28-இலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை, வெயில் கிடைக்கும் ஒவ்வொரு நாளும் நிழலை அளந்து எழுதிவைப்பது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21-ஐ ஒட்டி வந்தாலும், மிக முந்திய சூரிய அஸ்தமனம் அந்த நாளில் வராது. 40 பாகை அட்சரேகையில் அது டிசம்பர் 7, 8-ஐ ஒட்டியே வந்துவிடுகிறது. மிகப் பிந்திய உதயமோ ஜனவரி 4, 5 வரை காத்திருக்கும். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க இந்த இடைவெளி இன்னும் அகலும். அந்த நாட்களில் உச்சிப்பொழுது கடிகாரத்தில் நாளுக்கு அரை நிமிட அளவில் பின்னால் தள்ளிப்போவதே காரணம். அதாவது ஒளி முதலில் திரும்புவது மாலையில். காலையைப் பார்த்து ஏங்குபவர்கள் மாலையைப் பார்க்கட்டும். கதிர்த்திருப்ப இரவு வரும் முன்பே மாலைகள் நீளத் தொடங்கியிருக்கும்.

மூன்றாம் படி: ஒரு மரபைத் தேர்ந்துகொள்ளுதல்

உலகில் இந்த நாளுக்கு ஏராளமான வழக்கங்கள் உண்டு. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலக்காமல், ஒன்றை எடுத்து அதன் போக்கில் முழுமையாகச் செய்வது நல்லது. வழக்கங்களை நாடு வாரியாகப் பிரிப்பதைவிட, மனிதர்கள் அந்த இரவில் என்ன செய்தார்கள் என்ற கோணத்தில் பார்த்தால் தேர்வு எளிதாகும்.

விழித்திருப்பவர்கள் உண்டு. ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் அவர்களோடு தொடர்புள்ள பல மக்களிடமும் இது யல்தா இரவு. செல்லே இரவு என்றும் சொல்வார்கள். குடும்பத்தில் மூத்தவர் வீட்டில் எல்லாரும் கூடுவார்கள். மாதுளை, தர்பூசணி, உலர்பழங்கள், கொட்டைப் பருப்புகள் நடுவில் இருக்கும். கோடையின் பழமான தர்பூசணியைக் குளிர்காலத்தின் முதல் இரவில் உண்பதில் ஒரு துணிவு இருக்கிறது. கவிஞர் ஹாஃபிஸின் கவிதைத் தொகுப்பை மனதில் ஒரு வேண்டுதலோடு திறந்து, வந்த பக்கத்தை மூத்தவர் வாசித்துப் பொருள் சொல்வார். பழைய வீடுகளில் தணல் வைத்த தாழ்ந்த மேசையின்மேல் மெத்தைவிரிப்பைப் போர்த்தி, எல்லாரும் அதற்குள் கால் நீட்டி அமர்வார்கள். 2022-இல் யுனெஸ்கோ இந்த இரவை மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. கொண்டாட்டம் என்றால் பேச்சும் கவிதையும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த மரபு எனக்குத் தெரியவில்லை.

உண்பவர்கள் உண்டு. சீனாவில் இது தோங்ஜி. தெற்கே ஒட்டும் அரிசிமாவில் செய்த உருண்டைகளைச் சூடான நீர்மத்தில் மிதக்கவிட்டு உண்கிறார்கள். அவற்றின் வட்ட வடிவம் குடும்பம் ஒன்றுகூடுவதைக் குறிக்கிறது. வடக்கே பூரணம் வைத்த மாவுக்கொழுக்கட்டை. கொரியாவில் செம்பயறுக் கஞ்சி; அதன் சிவப்பு தீயவற்றை விரட்டும் என்பது நம்பிக்கை, அதைக் குடித்தால் வயது ஒன்று கூடும் என்பது பேச்சு வழக்கு. ஜப்பானில் பூசணி உண்பதோடு, யூசு என்ற மணமிக்க எலுமிச்சை வகைப் பழங்களை வெந்நீரில் மிதக்கவிட்டு நீராடுகிறார்கள். தனியாக வாழ்பவருக்கு இந்த நீராடல் மிக ஏற்றது. யாரையும் அழைக்க வேண்டாம், பெரிய ஆயத்தமும் வேண்டாம்.

தீ மூட்டுபவர்கள் உண்டு. பண்டைய ரோமில் டிசம்பர் 17-இல் தொடங்கிய சாட்டர்னாலியா விழாவில் மெழுகுவர்த்திகளைப் பரிசாகக் கொடுத்தார்கள். வடக்கு ஐரோப்பாவின் யூல் என்ற குளிர்கால விழாவைப் பற்றி எழுதுபவர்கள் பலரும், பெரிய மரக்கட்டையை எரிக்கும் வழக்கம் வைக்கிங் காலத்திலிருந்தே கதிர்த்திருப்ப நாளில் நடந்துவந்தது என்று உறுதியாகச் சொல்கிறார்கள். ஆனால் அதற்கான எழுத்துச் சான்றுகள் வைக்கிங் காலத்துக்குப் பிந்தியவை. பழைய யூலும் கதிர்த்திருப்பத்துக்குப் பின்னர் வந்த நடுக்குளிர்கால விழாவாகவே இருந்திருக்கிறது. நார்வே மன்னர் ஹாக்கோன் 10-ஆம் நூற்றாண்டில் அதைக் கிறிஸ்துமஸோடு இணைத்தார் என்று ஐஸ்லாந்து வரலாற்று நூல் சொல்கிறது. வழக்கம் பழையதாக இல்லாவிட்டாலும் நெருப்பைச் சுற்றி அமர்வது இனிமைதான். அதற்கு இல்லாத தொன்மையை ஏற்ற வேண்டியதில்லை.

பார்த்துக் காத்திருப்பவர்களும் உண்டு. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறைமேடு கி.மு. 3200-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. எகிப்தின் பெரிய பிரமிடுகளைவிடப் பழையது. வாயிலுக்கு மேலே ஒரு சிறு கற்பலகணி. கதிர்த்திருப்ப நாட்களில் விடியற்கதிர் அதன் வழியே 19 மீட்டர் நீளமுள்ள வழியில் ஊர்ந்து உள்ளறையை எட்டுகிறது. சுமார் 17 நிமிடம் ஒளி நிற்கும், பிறகு இருள். 1967 டிசம்பர் 21 காலை, அங்கே அகழ்வாய்வு நடத்திய மைக்கேல் ஓ'கெல்லி உள்ளே நின்று அதைக் கண்டார். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் கதிர்த்திருப்ப மாலையின் சூரியன் கல்வட்டத்தின் அச்சில் மறைகிறது. அருகிலுள்ள டரிங்டன் வால்ஸ் குடியிருப்பில் கிடைத்த பன்றி எலும்புகள், நடுக்குளிர்காலத்தில் பெருவிருந்துகள் நடந்ததைக் காட்டுகின்றன. ஜெர்மனியின் கோசெக் வட்டம் இவற்றைவிட மூத்தது, கி.மு. 4900-ஐ ஒட்டியது, அதன் இரண்டு வாயில்கள் கதிர்த்திருப்ப நாளின் உதயத்தையும் அஸ்தமனத்தையும் நோக்கித் திறந்திருக்கின்றன.

ஓர் எல்லையை மட்டும் மதியுங்கள். ஹோப்பி மக்களின் சோயால் போன்ற சடங்குகள் அந்தச் சமூகத்துக்கே உரியவை. அவற்றின் உள்ளடக்கம் வெளியாருக்கானது அல்ல. அவற்றைப் பற்றி மரியாதையோடு தெரிந்துகொள்ளலாம். வீட்டில் நடித்துப் பார்க்கக் கூடாது.

தெற்கு அரைக்கோளத்தினருக்கும் வழக்கங்கள் குறைவில்லை. பெருவின் குஸ்கோ நகரில் ஜூன் 24 அன்று இன்கா மரபின் சூரிய விழா நடக்கிறது. கார்த்திகை விண்மீன் கூட்டம் மீண்டும் விடியலில் தோன்றுவதை ஒட்டி மாவோரி மக்கள் கொண்டாடும் மத்தாரிக்கி 2022 முதல் நியூசிலாந்தில் பொது விடுமுறை. அண்டார்டிகாவின் ஆய்வு நிலையங்களில் ஜூன் 21 அன்று பெருவிருந்து நடக்கும். நிலையங்கள் ஒன்றுக்கொன்று வாழ்த்து அனுப்பிக்கொள்ளும். சூரியனையே பல வாரம் பார்க்காதவர்கள் கொண்டாடும் ஒளித் திருநாள் அது.

நான்காம் படி: முன்னேற்பாடு

இதில் நீட்டிச் சொல்ல அதிகமில்லை. யார் வருகிறார்கள், எத்தனை விளக்கு, காலையில் எங்கே நின்று சூரியனைப் பார்ப்பது என்ற மூன்றையும் ஒரு வாரம் முன்பே முடிவு செய்துவிடுங்கள். பார்க்கும் இடத்துக்கு ஒரு முறை விடியலில் போய், சூரியன் உதிக்கும் திசையில் கட்டடம் மறைக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

தீ விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். மெழுகுவர்த்தியையும் அகல் விளக்கையும் மணல் பரப்பிய உலோகத் தட்டில் வையுங்கள். திரைச்சீலையிலிருந்து தள்ளி வையுங்கள். எரியும் சுடரோடு யாரும் தூங்கக் கூடாது. மூடிய அறைக்குள் கரியோ தணலோ வைக்கவே வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, உயிரைப் பறிக்கும். தவழும் குழந்தையோ ஆக்சிஜன் கருவி பயன்படுத்துபவரோ இருக்கும் வீட்டில் மின்கல விளக்கே போதும். ஒளிக்கான மரியாதை அதனால் குறையாது.

ஐந்தாம் படி: நீண்ட இரவு

கொண்டாட்டத்தை அஸ்தமனத்திலிருந்து தொடங்குங்கள். எல்லாரும் வெளியே வந்து, ஆண்டிலேயே தெற்கே மிகத் தள்ளிப்போன அந்த மறையும் புள்ளியை ஒன்றாகப் பாருங்கள். உங்கள் அடிவானப் படத்தில் அன்றைய குறியைச் சிறியவர் ஒருவர் இடட்டும்.

அந்தி முழுவதும் மங்கிய பிறகு வீட்டின் எல்லா மின்விளக்குகளையும் அணையுங்கள். கைபேசித் திரைகளும் கூடத்தான். அரை மணி நேரம் இருட்டில் இருங்கள். இந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு நேராக விளக்கேற்றப் பலருக்கும் தோன்றும். தவிர்க்காதீர்கள். மனிதக் கண் இருளுக்கு நன்கு பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அதன் பிறகு ஏற்றப்படும் ஒரே ஒரு சுடர் அறை முழுவதையும் நிறைப்பதை நீங்களே காண்பீர்கள். மின்விளக்கு வந்த பிறகு நாம் மறந்துபோன அளவுகோல் அது. சிறு குழந்தைகளுக்குப் பத்து நிமிடம் போதும். கையைப் பிடித்துக்கொண்டு கதை சொல்லலாம்.

முதல் சுடரை அங்கிருப்பவர்களில் மூத்தவரோ மிக இளையவரோ ஏற்றட்டும். அந்தச் சுடரிலிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து அடுத்தவர் என்று விளக்குகள் பெருகட்டும். ஏற்றும்போது ஒவ்வொருவரும் கடந்த ஆண்டில் தம்மைத் தாங்கிய ஒருவரின் பெயரைச் சொல்லலாம். இறந்தவர்களின் பெயரும் வரலாம். அழுகை வந்தால் வரட்டும், அந்த இரவில் அதற்கு இடம் உண்டு.

பிறகு உணவு, வாசிப்பு, பாட்டு. யல்தா முறையை எடுத்துக்கொண்டால், உங்களுக்குப் பிடித்த கவிதைத் தொகுப்பு எதையும் கண்மூடித் திறந்து வாசிக்கலாம். விடியும்வரை விழித்திருப்பது கட்டாயம் இல்லை. விழித்திருக்க விரும்புபவர்கள் நள்ளிரவில் ஒரு முறை வெளியே வாருங்கள். மேகமில்லாத வானில் ஓரியன் விண்மீன் கூட்டம் உயர்ந்து நிற்கும். அதன் அருகே இரவு வானிலேயே மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸ். டிசம்பர் 22-ஐ ஒட்டி உர்சிட் எரிகற்பொழிவும் உச்சம் பெறும். அது சிறியது, மணிக்கு ஐந்து பத்துக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

தனியாக இருப்பவர்கள் இதையெல்லாம் சுருக்கிக்கொள்ளலாம்: அஸ்தமனம், அரை மணி இருள், ஒரு விளக்கு, ஒரு கடிதம். தொலைவில் உள்ள ஒருவருக்கு அந்தச் சுடரொளியில் கையால் எழுதி, மறுநாள் அஞ்சலில் சேர்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: விடியல்

உதயத்துக்கு நாற்பது நிமிடம் முன்பே இடத்தை அடைந்துவிடுங்கள். சூரியன் எழுவதைவிடக் கீழ்வானம் நிறம் மாறும் அந்த நேரமே அழகு என்பேன். சூரிய விளிம்பு தோன்றும் கணத்தைப் பார்த்துக் குறித்துவிட்டு, பார்வையை விலக்கிக்கொள்ளுங்கள். சூரியனை உற்றுப் பார்க்கவோ, தொலைநோக்கியால் பார்க்கவோ கூடாது.

மேகம் மூடியிருந்தால்? நியூகிரேஞ்ச் உள்ளறையில் நிற்கும் வாய்ப்பைக் குலுக்கலில் பெற்றவர்களும், ஐரிஷ் வானம் மறைத்துவிட்டால், ஒளியைப் பார்க்காமலேயே திரும்ப வேண்டியிருக்கிறது. நீங்கள் அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் போகலாம். சூரியன் நின்ற இடத்தைவிட்டு அசைந்திருக்காது. ஏறக்குறைய ஒரு வாரம் நீளும் விழா இது.

மேகமூட்டமாக இருந்தாலும் அந்தக் காலையில் கொஞ்ச நேரம் வெளியே நடங்கள். வீட்டு விளக்கொளி, வெளிச்சத்தின் அலகான லக்ஸ் கணக்கில், பெரும்பாலும் சில நூறைத் தாண்டுவதில்லை. மேகம் மூடிய பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். வடக்கு நாடுகளில் வாழும் பலருக்குக் குளிர்காலம் பருவகால மனச்சோர்வைத் தருகிறது. காலை ஒளி அதற்கு உதவும். சோர்வு வாரக்கணக்கில் நீடித்து அன்றாட வேலையைத் தடுத்தால் மருத்துவரைப் பாருங்கள். விளக்கேற்றும் இரவு மருந்துக்கு மாற்றாகாது.

அன்று உச்சிப்பொழுதில் நிழலை அளக்க மறவாதீர்கள். அந்தக் குறியை வேறு நிறத்தில் இடுங்கள்.

ஏழாம் படி: திரும்பும் ஒளியைக் கணக்கிடுதல்

விழா முடிந்தது என்று பலரும் விட்டுவிடும் இடத்தில்தான் சீனர்களின் மிக அழகான வழக்கம் தொடங்குகிறது. கதிர்த்திருப்ப நாளை முதல் நாளாகக் கொண்டு, ஒன்பது ஒன்பது நாட்களாக 81 நாள் எண்ணுவார்கள். எண்ணி முடிக்கும்போது குளிர் போய்விடும். இதற்காக ஒரு பிளம் மரக்கிளையை வரைவார்கள்: ஒன்பது பூக்கள், பூவுக்கு ஒன்பது இதழ்கள். நாளுக்கு ஓர் இதழாக வண்ணம் தீட்டி வந்தால், கடைசி இதழ் நிறையும் நாளில் வசந்தம் வாசலில் நிற்கும். டிசம்பர் 21-இல் தொடங்கினால் 81-ஆம் நாள் மார்ச் 11. 22-இல் தொடங்கினால் 12. இடையில் பிப்ரவரி 29 வந்தால் ஒரு நாள் முந்தும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் சுவரில் ஒட்டிவையுங்கள். இதழின் ஓரத்தில் அன்றைய அஸ்தமன நேரத்தையும் சிறிதாக எழுதினால், ஒளி வளர்வது எண்களாகவும் தெரியும்.

இனி சூ சோங்ஜீயின் கணக்கு. ஜனவரி முதல் வாரத்திலிருந்து உச்சி நிழலை மீண்டும் தினமும் அளங்கள். 40 பாகை அட்சரேகையில் ஒருவர் அளப்பதாக வைத்துக்கொள்வோம். நவம்பர் 29-இல் நிழல் 184.6 செ.மீ. இருந்தது. ஜனவரி 12-இல் 185.2, ஜனவரி 13-இல் 184.0. ஆக, 184.6 என்ற அதே நீளம் 12-க்கும் 13-க்கும் சரிபாதியில், அதாவது 12 உச்சியிலிருந்து அரை நாள் கழித்து வந்திருக்கும். நவம்பர் 29 உச்சியிலிருந்து அதுவரை 44.5 நாட்கள். அதில் பாதி 22.25. நவம்பர் 29 உச்சியோடு 22.25 நாளைக் கூட்டினால் டிசம்பர் 21 மாலை ஆறு மணியளவு. ஒரு கோலும் துளையிட்ட அட்டையும் கொண்டு கதிர்த்திருப்பத்தின் நாளை மட்டுமல்ல, ஏறக்குறைய வேளையையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். நவம்பரில் பல நாட்கள் அளந்திருந்தால், ஒவ்வொன்றுக்கும் இதே கணக்கைப் போட்டுச் சராசரி எடுங்கள். மேகமும் கைத்தவறும் தரும் பிழை குறையும். பூமத்திய ரேகைக்கு அருகில் நிழலின் மாற்றம் சிறியது என்பதால், அங்கே இரண்டு மீட்டர் கோலைப் பயன்படுத்துவது நல்லது.

கிடைத்த விடையை வானியல் ஆய்வகங்கள் வெளியிடும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு நாளுக்குள் பொருந்தினால் மிக நல்ல அளவீடு. கோல் நின்ற இடத்தில் ஒரு நிலையான அடையாளம் வைத்து, கோலையும் அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். அடுத்த நவம்பரில் அதே இடத்தில் அதே கோலை நிறுத்தி அளக்கும்போது, கதிர்த்திருப்பம் ஆறு மணி நேரம் பின்னால் நகர்ந்திருப்பதை உங்கள் எண்களிலேயே தேடிப் பார்க்கலாம்.